சொரசொரப்பு இருபது சதவீதம்

ஜனவரி 5, ஞாயிறு

இந்த டைரி, என் வீட்டுக்காரரிடம் கணக்குப் பாடம் படித்து, கணக்கில் மட்டும் தேறாமல், பாளையங்கோட்டையில் உரக்கடை வைத்து அமோகமாக இருக்கும் ஒருவன் கொடுத்தது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஒரு பூச்சியின் படமும் அதற்கு அடிக்க வேண்டிய மருந்தும் போட்டிருக்கிறது. இவர் தொடமாட்டேன் என்றுவிட்டார். சரி, எனக்கு இருக்கட்டும். இன்றைய பூச்சி: தத்துப்பூச்சி.

எழுத விஷயமும் வந்துவிட்டது. காலையில் வடிவு மைனி போன் பண்ணினாள். மைனி என்றால் இவருடைய அக்கா. அவள் வீட்டு அண்ணாச்சிக்கு பிப்ரவரி இரண்டாம் தேதி அறுபதாம் கல்யாணம்.

"ஏட்டி உலகு, ஒம் மக ஏதோ கம்ப்யூட்டர்ல ஆல்பம் பண்ணச் சொல்லிக் குடுத்திருக்காளாமே. எங்க போட்டோவ எல்லாம் தாரேன், நீயே ஒண்ணு பண்ணிக் குடு. ஸ்டுடியோக்காரன்ட்ட குடுத்தா எங்க ரெண்டு பேரையும் தாமரப் பூவுக்குள்ள உக்கார வச்சிருவான்."

"நானா மைனி?"

"வேற யாரு? நம்ம குடும்பத்துல ஒன்னையத்தான் நம்பி ஒரு பொருளக் குடுக்க முடியும்."

இதை அவள் சொன்னபடியே எழுதி வைத்துக்கொள்கிறேன்.

ஜனவரி 8, புதன்

நாலு பக்கம் முடித்து, புனேயில் இருக்கும் மங்கைக்கு அனுப்பினேன். பெற்ற மகள், பாராட்டுவாள் என்று நினைத்தேன்.

"அம்மா, நல்லாத்தான் இருக்கு. ஆனா பேஜெல்லாம் மொழுமொழுன்னு பிளாஸ்டிக் மாதிரி இருக்கு. டெக்ஸ்ச்சர் போடும்மா."

"அப்படின்னா?"

"சொரசொரப்பு. துணி, சாக்கு, பழைய காயிதம், ஏதாவது எடுத்து ஸ்கேன் பண்ணு. அத போட்டோவுக்குப் பின்னாடி ஒரு லேயரா வச்சு, அழுத்தத்த இருபது சதவீதத்துக்குக் குறைச்சு மங்கலாக்கிரு. பாக்குறவங்களுக்குத் தொட்டுப் பாக்கணும்போல இருக்கும்."

இருபத்தெட்டு வருஷமாக இந்த வீட்டில் மாவு மொழுமொழுவென்று இருக்கவேண்டும், சட்னி மொழுமொழுவென்று இருக்கவேண்டும் என்று உயிரை வாங்கினார்கள். இப்போது சொரசொரப்பு வேண்டுமாம்.

ஜனவரி 10, வெள்ளி

சாக்கை ஸ்கேன் பண்ணினேன். அரிசிச் சாக்கு. உள்ளே வண்டு இருந்ததைக் கவனிக்கவில்லை. அண்ணாச்சியின் கல்யாணப் படத்துக்குப் பின்னால் வைத்தபோது ஒரு வண்டு சரியாக அவர் மூக்கின்மேல் வந்து உட்கார்ந்தது. அழிக்கப் பார்த்தேன், மூக்கும் சேர்ந்து போயிற்று. மறுபடியும் முதலிலிருந்து.

அடுத்து அப்பளம். பொரித்த அப்பளத்தில் கொப்புளம் கொப்புளமாக எவ்வளவு அழகு! மூடியை மெதுவாகத்தான் அமுக்கினேன். நொறுங்கிவிட்டது. தூளைப் பெருக்கிவிட்டு, அப்பளத்துக்குப் பதில் தோசை வைத்தேன். தோசை அருமையாக விழுந்தது, அசல் பழைய ஓலைச்சுவடி நிறம். மைனி வீட்டுக் குழந்தைகளின் காதுகுத்துப் பக்கத்துக்குத் தோசை.

இவர் பள்ளிக்கூடம் விட்டு வந்து ஸ்கேனர் மூடியைத் திறந்தார்.

"உலகு, இதுக்குள்ள தோசை இருக்கு."

"ஆமா."

"சட்னி எங்க வச்சிருக்க, பிரிண்டர்லயா?"

கலைஞர்களுக்கு வீட்டில் மரியாதை கிடையாது.

ஜனவரி 12, ஞாயிறு

பத்தமடைப் பாய் மிக நன்றாக வந்தது. முதல் பக்கத்துக்கு அதுதான்.

ஏழாவது பக்கத்துக்கு ஒன்று செய்தேன், மங்கை கூத்தாடிவிட்டாள். "அம்மா, லேஸ்! அந்தக் காலத்து லேஸ் மாதிரி சின்னச் சின்ன ஓட்டையா! எங்கம்மா கிடைச்சுது?"

வீட்டிலேயே இருந்தது என்றேன். இவர் தன் பழைய பனியனைக் காணோம் என்று இரண்டு நாளாகத் தேடிக்கொண்டிருக்கிறார்.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். எழுத நேரமில்லை. கரும்புத் தோலை ஸ்கேன் பண்ணினேன். கண்ணாடியெல்லாம் பிசுபிசு. இனி எந்தப் பக்கம் ஸ்கேன் பண்ணினாலும் ஒரு எறும்பு இலவசம்.

ஜனவரி 18, சனி

கடைசிப் பக்கம் மட்டும் பாக்கி. அண்ணாச்சியும் மைனியும் மாலை போட்டு நிற்கிற பெரிய படம். அதற்கு மட்டும் பழைய வெள்ளி மாதிரி உலோகச் சொரசொரப்பு வை, ராஜகளையாக இருக்கும் என்று மங்கை சொன்னாள்.

பரணில் தேடினேன். ஒரு எவர்சில்வர் தாம்பாளம் கிடந்தது. நல்ல கனம். பழைய மெத்தைக்கு அடியில், ஓடாத மிக்ஸிக்குப் பின்னால், இட்லிக் கொப்பரைக்குள், பாவாடையில் சுற்றி, கயிறு போட்டுக் கட்டிக் கிடந்தது. எப்படி அங்கே போயிற்றோ, தெரியவில்லை.

ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்ற இவர், "யாரு தட்டு?" என்றார்.

"நம்ம தட்டுதான்."

"நம்ம தட்டு எதுக்குப் பாவாடை கட்டியிருக்கு?"

இந்த மனுஷனுக்குக் கேள்வி கேட்பதே வேலையாகப் போயிற்று. வாத்தியார் புத்தி.

ஜனவரி 19, ஞாயிறு

சரி. விளிம்பில் பெயர் வெட்டியிருக்கிறது. புள்ளி புள்ளியாக, த. சண்முகவடிவு என்று. சண்முகவடிவு என்றால் மைனிதான். இந்த உலகத்தில் எத்தனையோ சண்முகவடிவு இருக்கலாம். ஆனால் இது மைனிதான்.

உன்னிடம் சொன்னால் என்ன, பூச்சி டைரிதானே. எட்டு வருஷத்துக்கு முன்னால் மைனி மகளின் வளைகாப்பில் முந்திரிக்கொத்தும் அதிரசமும் இந்தத் தாம்பாளத்தில் வைத்துக் கொடுத்துவிட்டாள். பலகாரம் வந்த பாத்திரத்தை வெறுமனே திருப்பி அனுப்பினால் எங்கள் பக்கம் மரியாதை கிடையாது. ஏதாவது போட்டுத்தான் அனுப்பவேண்டும். அந்த வாரம் முறுக்கு சுட்டேன், கல்லாக வந்தது. அடுத்த வாரம் மாம்பழம் வாங்கினேன், உள்ளே புழு. அதற்கடுத்த வாரம் மறந்துவிட்டேன். இப்படியே ஐந்து மாதம்.

பிறகு ஒரு கல்யாண வீட்டில், எந்தத் தட்டு யாருக்குப் போயிற்று என்று நினைவில்லாத மைனி, பந்தியில் அத்தனை பேர் மத்தியில் கேட்டாள்: "எந் தாம்பாளம் யார்ட்டயாவது இருக்கா?" அந்தச் சமயம் பார்த்து என் வாயில் முழு லட்டு இருந்தது. தலையை ஆட்டினேன். எந்தப் பக்கமாக ஆட்டினேன் என்று இப்போது ஞாபகமில்லை. மைனி அதை 'இல்லை' என்று எடுத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு எப்படிப் போய்க் கொடுப்பது?

வளைகாப்புக்குச் சமைத்த கந்தையாதான் பாத்திரத்தோடு பாத்திரமாக அள்ளிக்கொண்டு போயிருப்பார் என்று அவர்களே முடிவு பண்ணினார்கள். அன்றிலிருந்து எங்கள் குடும்பத்து விசேஷம் எதற்கும் கந்தையாவைக் கூப்பிடுவதில்லை. நான் யார் பெயரையும் சொல்லவில்லை. அதை நன்றாகக் குறித்துக்கொள்.

இன்றைய பூச்சி: இலைச்சுருட்டுப் புழு. இலைக்குள் ஒளிந்திருந்து தின்னுமாம். மருந்து எழுதியிருந்தது, படிக்கவில்லை.

ஜனவரி 20, திங்கள்

தாம்பாளத்தைத்தான் ஸ்கேன் பண்ணினேன். வேறு எந்தப் பாத்திரத்திலும் அந்த மாதிரிக் கீறல் இல்லை. முதுகுப்புறம், நட்டநடுவில், ஒரே இடத்தில் நூறு கீறல், சாரல் மழை மாதிரி. விபூதியைத் தூவித் துடைத்ததும் கீறலெல்லாம் வெள்ளை வெள்ளையாக எழும்பி நின்றது.

பெயர் விளிம்பின் மேல்பக்கம் இருக்கிறது. நான் கண்ணாடியில் வைத்தது அடிப்பக்கம். விளிம்பு கண்ணாடியில் படவே இல்லை. படத்தைப் பெரிதாக்கி மூலை மூலையாக நூறு தடவை பார்த்துவிட்டேன். ஒரு 'ச' கூட இல்லை. இருபது சதவீதத்துக்குக் குறைத்து வைத்தேன். அடடா! மைனியும் அண்ணாச்சியும் வெள்ளி மழையில் நிற்கிறார்கள்.

தாம்பாளத்துக்கு மறுபடி பாவாடை கட்டிப் பரணில் ஏற்றியாயிற்று.

ஜனவரி 25, சனி

மார்க்கெட்டில் கந்தையாவைப் பார்த்தேன். இப்போது ஒரு மெஸ்ஸில் வேலையாம். "அம்மா, தளவாய் அண்ணாச்சிக்கு அறுபதாமே. மகராசனா இருக்கட்டும்" என்றார். அரைக் கிலோ கத்தரிக்காய் வாங்கப் போனவள் மூன்று கிலோ வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஜனவரி 26, ஞாயிறு

கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு.

ஜனவரி 27, திங்கள்

கத்தரிக்காய்ப் பொரியல். இவர் என்னை ஒரு மாதிரிப் பார்க்கிறார்.

ஜனவரி 30, வியாழன்

மைனி ஆல்பத்தை லேப்டாப்பில் பார்த்தாள். ஒவ்வொரு பக்கத்தையும் தடவிப் பார்த்தாள், திரையிலும் கரும்புச் சாறு ஒட்டியிருந்ததால் கை கொஞ்சம் ஒட்டியது. கடைசிப் பக்கத்துக்கு வந்ததும் கண் கலங்கிவிட்டாள்.

"இதப் பெருசா போட்டு மண்டப வாசல்ல வச்சிரு உலகு. ஆறடிக்கு."

வேண்டாம் மைனி, உள்ளே சின்னதாக இருக்கட்டும் என்று எவ்வளவோ சொன்னேன். கேட்கவில்லை. பிரிண்ட் கடைக்குப் போனேன். கடைக்காரர் திரையைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"பின்னாடி டிசைன் மங்கலா கெடக்கே அக்கா. கொஞ்சம் தூக்கி விடட்டா? நல்லா எடுப்பா தெரியும்."

எடுப்பாகத் தெரிந்தால் நல்லதுதானே என்று தலையை ஆட்டினேன். என் தலை ஆட்டத்துக்கு ஒரு மருந்து இந்த டைரியில் இருந்தால் தேவலை.

பிப்ரவரி 2, ஞாயிறு

விசேஷம் முடிந்தது. நாளைக்கு எழுதுகிறேன்.

பிப்ரவரி 3, திங்கள்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

மண்டப வாசலில் ஆறடிப் படத்தை நிறுத்தியிருந்தார்கள். கிட்டே நின்று பார்த்தேன், கீறல்தான், அழகுதான். பன்னீர் தெளித்துக்கொண்டே பத்தடி பின்னால் வந்து திரும்பிப் பார்த்தேன். கடைக்காரர் எடுப்பாகத் தூக்கிவிட்டதில் கீறலுக்கு அடியில் புள்ளிகள். புள்ளி புள்ளியாக, மைனி தலையிலிருந்து அண்ணாச்சி தலை வரைக்கும் எழுத்து. கு. பிச்சம்மாள்.

பிச்சம்மாள் என் அம்மா.

மைனியின் தாம்பாளத்தின் முதுகில் என் அம்மா பெயர் எப்படி வந்தது என்று எனக்கு ஒரு இழவும் புரியவில்லை. அம்மா போய் ஆறு வருஷமாகிறது. இந்த மண்டப வாசலில் ஆறடிக்கு வந்து நிற்கிறாள். பன்னீர்ச் செம்போடு நின்று அழுதேன். வந்தவர்கள் நான் விசேஷத்துக்காகத்தான் உருகுகிறேன் என்று நினைத்து என் முதுகைத் தட்டிக்கொடுத்தார்கள்.

"பிச்சம்மாள்னா யாரு?" என்று ஒருவர் கேட்டார். "ஆல்பம் அடிச்ச கம்பெனி பேரா இருக்கும்" என்றார் பக்கத்திலிருந்தவர். "பிச்சம்மாள் டிஜிட்டல்ஸ். நல்ல வேலைக்காரங்க. போன் நம்பர் போடாம விட்டுட்டாங்களே."

உள்ளே பெரிய டிவியில் மற்றப் பக்கங்கள் ஓடிக்கொண்டிருந்தன. ஏழாவது பக்கம் வந்தது. கூட்டத்துக்கு நடுவிலிருந்து இவர் எழுந்து நின்று, "ஏய், அது எம் பனியன்லா!" என்று கத்தினார். மண்டபமே திரும்பிப் பார்த்தது. அந்த நேரம் பார்த்து ஒரு கை என் கையைப் பிடித்து இழுத்தது. மைனி. பட்டுச் சேலையும் கழுத்து நிறைய மாலையுமாக. தரதரவென்று என்னை மணமகள் அறைக்குள் இழுத்துப் போய்த் தாழ்ப்பாள் போட்டாள். தொலைந்தேன் என்று நினைத்தேன்.

மைனி கட்டிலில் பொத்தென்று உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள்.

"ஏட்டி உலகு, தனியாக் கூப்பிட்டுக் கேட்டிருந்தா நா ஒத்துக்கிட்டிருப்பம்லா. இப்படியா ஊரக் கூட்டி ஆறடிக்கு எழுதி வப்ப?"

"மைனி, நா என்ன..."

"ஒங் கல்யாணத்துக்கு ஒங்கம்மா இருபத்தோரு தட்டு சீர் கொண்டாந்தாவ. அதுல இது ஒண்ணுதான் நல்ல கனம். ஆசப்பட்டு எங்க பாத்திரத்தோட சேத்து வண்டியில ஏத்திட்டேன். பாத்திரக் கடைக்காரன்ட்ட குடுத்து ஒங்கம்மா பேரச் சொரண்டிட்டு எம் பேர வெட்டச் சொன்னேன். நல்லாத்தான சொரண்டினான் அந்தப் பாவி! இத்தன வருசம் கழிச்சு அத எப்படிட்டி கண்டுபிடிச்ச?"

சாரல் மழை! ராஜகளை! நான் வாயைப் பிளந்து ரசித்ததெல்லாம் என் அம்மா பெயரைச் சுரண்டின கீறல். எனக்குக் கோபம் வந்திருக்கவேண்டும். வந்தது, கால் நிமிஷம். பிறகு வேறொரு யோசனை வந்துவிட்டது. மைனிக்கு என் விஷயம் தெரியவில்லை! நான் பெரிய மனசு பண்ணினால் போதும்.

"போகட்டும் மைனி. பழசெல்லாம் எதுக்கு இப்ப. நா மனசுல வச்சுக்கல" என்றேன். அவ்வளவு பெருந்தன்மையாக நான் இதுவரை பேசியதில்லை. மைனி என்னைக் கட்டிக்கொண்டாள். என் முந்தானையிலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் போய்த் தாழ்ப்பாளைத் திறக்கப் பாதி இழுத்துவிட்டேன்.

"ஏட்டி. நில்லு."

நின்றேன்.

"அந்தத் தட்டுதான் வளைகாப்போட தொலஞ்சு போச்சே. ஒங்கிட்ட எப்படி இருக்கு?"

இந்தத் தடவை என் வாயில் லட்டு இல்லை.

சொல்லிவிட்டேன். கல் முறுக்கு, மாம்பழப் புழு, பரண், பாவாடை, எல்லாம். மைனி மூக்கைச் சிந்திக்கொண்டே கேட்டாள். முடித்ததும் விரல் விட்டுக் கணக்குப் பார்த்தாள்.

"அப்ப எட்டு வருசமா ஒங்கம்மா தட்ட நீயே ஒளிச்சு வச்சிருந்திருக்க."

"ஆமா மைனி."

"நா திருடினத நீ திருடியிருக்க."

"அப்படித்தான் வருது மைனி."

யார் முதலில் சிரித்தது என்று தெரியவில்லை. மைனி மாலையைக் கழற்றிக் கட்டிலில் எறிந்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். வெளியே அண்ணாச்சி கதவைத் தட்டி, "வடிவு, ஐயர் கூப்பிடுதாரு, என்னைய மட்டும் தனியாத் தாலி கட்டச் சொல்லுதியா?" என்று கத்தும்வரை சிரித்தோம்.

பந்தியில் சொதி, எங்கள் பக்கத்துத் தேங்காய்ப்பால் குழம்பு. கந்தையா இல்லாத சொதி. தேங்காய்ப்பால் இருந்த பாத்திரத்தைக் கழுவின தண்ணீர் மாதிரி இருந்தது. மைனி ஒரு வாய் வைத்தாள், என்னைப் பார்த்தாள். நானும் ஒரு வாய் வைத்தேன். இரண்டு பேருக்கும் சிரிப்பு நின்றுவிட்டது.

"அந்த மனுசன் என்ன பாவம்ட்டி பண்ணினாரு" என்றாள் மைனி. மைனி கந்தையாவை மரியாதையாகச் சொல்லி எட்டு வருஷமாகிறது. அந்தச் சொதியைக் கடைசிவரை சாப்பிட்டோம்.

பிப்ரவரி 4, செவ்வாய்

தாம்பாளம் உனக்குத்தான் என்கிறாள் மைனி. வேண்டாம் மைனி, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்கிறேன் நான். ஒரு நாள் முழுக்கப் போனிலேயே தள்ளுமுள்ளு. இதில் இவர் வேறு, பனியனுக்கு நியாயம் கேட்டுக்கொண்டு திரிகிறார்.

பிப்ரவரி 6, வியாழன்

இன்று நானும் மைனியும் கந்தையா வீட்டுக்குப் போனோம். தாம்பாளம் நிறைய வெற்றிலை பாக்கு, இரண்டு சீப்புப் பழம், வேட்டி, சேலை. வழியெல்லாம் "நீ சொல்லு", "நீங்க சொல்லுங்க மைனி" என்று அடித்துக்கொண்டு போய், வாசலில் நின்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசினோம். அவர் இரண்டு தடவை கேட்டுத்தான் புரிந்துகொண்டார்.

தாம்பாளத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுதானாம்மா அது?" என்றார். "எல்லாரும் நாந்தான் எடுத்தேன்னு சொல்லச் சொல்ல, எனக்கே சந்தேகம் வந்துட்டு. தெரியாம எடுத்துட்டு வந்துட்டமோன்னு மூணு தடவ வீட்டப் பெரட்டிப் போட்டுத் தேடினேன்."

"தப்பு எம்மேலதான், மன்னிச்சிருங்க" என்றேன், இந்த முறை தலையை ஆட்டாமல், வாயால். அவர் உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். பிறகு, "ஒங்க கையால சுட்ட முறுக்க நா சாப்பிட்டிருக்கேம்மா. அதப் போட்டு அனுப்பாம விட்டது நல்லதுதான்" என்றார். மைனிக்குப் புரையேறிவிட்டது. கொண்டுபோனதையெல்லாம் தாம்பாளத்தோடு அங்கேயே வைத்துவிட்டு வந்தோம்.

மார்ச்சில் மைனியின் சின்னப் பேரனுக்குக் காதுகுத்து. சமையல் கந்தையா. கட்டாயம் சொதி உண்டு.

பிப்ரவரி 12, புதன்

இவருக்குப் புதுப் பனியன் இரண்டு வாங்கிக் கொடுத்தேன். ஓட்டை இல்லாமல் என்னவோ போலிருக்கிறது என்கிறார்.

அந்த ஆறடிப் படத்தை மைனி எனக்கே கொடுத்துவிட்டாள். ஹாலில் வைத்திருக்கிறேன். வருகிறவர்கள் மைனியையும் அண்ணாச்சியையும் பார்க்கிறார்கள். நான் பத்தடி தள்ளி, அடுப்படி வாசலில் நின்று அம்மாவைப் பார்த்துக்கொள்கிறேன்.

பிப்ரவரி 24, திங்கள்

காலையில் மைனி போன்.

"உலகு, கந்தையா அந்தத் தாம்பாளத்தக் குடுத்துவிட்டாரா?"

"இன்னும் இல்ல மைனி."

"எத்தன நாளாச்சு?"

"பதினெட்டு."

மைனி 'ம்ம்ம்' என்று இழுத்தாள்.

"வெறுந்தட்டா எப்படி மைனி அனுப்புவாரு?" என்றேன். "ஏதாவது போட்டு அனுப்பணும்னு பாத்துக்கிட்டிருப்பாரு."

"ஆமா, ஆமா. காதுகுத்துக்கு வருவார்லா, அப்ப ஒரு வார்த்த கேட்டுருவமா?"

"மைனி!"

"சரிட்டி, சரி. கேக்கல."

காதுகுத்து அன்று பந்தியில் நானும் மைனியும் பக்கத்தில் பக்கத்தில் உட்காருவதாகப் பேசிக்கொண்டோம். கந்தையா எங்கள் பக்கம் வரும்போது இரண்டு பேர் வாயிலும் முழு லட்டு இருக்கவேண்டும்.